ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டம்: பிளேட்டோவின் நெருப்பு எதனால் ஆனது?

கேள்வியை முதலில் அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். "நெருப்பு பிரமிடு வடிவத் துகள்களால் ஆனது, மண் கனசதுரத் துகள்களால் ஆனது என்று பிளேட்டோ எழுதியிருக்கிறாராமே. இது உவமையா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா? டெமாக்ரிடஸ் சொன்ன அணுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்றைய அறிவியலில் இதற்கு ஏதாவது இடம் உண்டா?"

உவமை இல்லை. பிளேட்டோ அங்கே எண்ணுகிறார். நீரின் ஒரு துகள் உடைந்தால் நெருப்பு எத்தனை, காற்று எத்தனை கிடைக்கும் என்று எண்ணிக்கை கொடுக்கிறார். காற்றிலிருந்து ஒரு நீர்த்துகள் உண்டாக இரண்டரைக் காற்றுத்துகள் வேண்டும் என்கிறார். உவமைக்காக எழுதுகிறவர் யாரும் 'இரண்டரை' என்று எழுத மாட்டார்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதன் ஜாமெட்ரி பாக்ஸைக் கொஞ்சம் வாங்கித் திறந்து பாருங்கள். கவராயமும் பாகைமானியும் தேய்ந்திருக்கும். இரண்டு மூலைமட்டங்கள் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் கிடக்கும். அவற்றை யாரும் அதிகம் தொடுவதில்லை. ஒன்றின் கோணங்கள் 45, 45, 90. மற்றொன்றின் கோணங்கள் 30, 60, 90. பிளேட்டோவின் உலகத்தில் எரிவதும் ஓடுவதும் உறைவதும் எல்லாமே இந்த இரண்டு முக்கோணங்களால் ஆனவை. மூன்றாவதாக ஒன்று கிடையாது.

இது வருவது 'டிமேயஸ்' என்ற உரையாடலில். கி.மு. 360 வாக்கில் எழுதப்பட்டது. பெயர்தான் உரையாடல், தெற்கு இத்தாலியின் லோக்ரி நகரத்திலிருந்து வந்த டிமேயஸ் என்ற பாத்திரம் ஆரம்பித்தால் கடைசிவரை அவரே பேசுகிறார், அவருடைய முன்னுரை முடிந்ததும் ஒரு தடவை பாராட்டுவதோடு சரி, அப்புறம் சாக்ரடீஸ் வாயைத் திறப்பதே இல்லை. தான் சொல்வது முடிந்த முடிவு அல்ல, நம்பத்தகுந்த ஒரு விவரம் மட்டுமே என்று டிமேயஸ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரத்தில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ்தான் நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கையும் சம அந்தஸ்தில் உட்கார வைத்தவர். அவர் வைத்த பெயர் 'வேர்கள்'. நாம் ஐந்து என்று எண்ணிப் பழகியவர்கள். கிரேக்கர்களின் கணக்கு நான்குதான். ஐந்தாவது பின்னால் வருகிறது, அதுவும் வேறு காரணத்துக்காக. எம்பெடோக்ளிஸ் ஓரிடத்தில் எலும்புக்குச் செய்முறை சொல்கிறார்: எட்டுப் பங்கில் நெருப்பு நான்கு, நீர் இரண்டு, மிச்சம் மண். சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்பதோடு எவ்வளவுக்கு எவ்வளவு என்பதும் முக்கியம் என்ற எண்ணம் இங்கே முளைவிட்டுவிட்டது. சரி, அந்த நெருப்பு எதனால் ஆனது என்று கேட்டால்? அவரிடம் பதில் இல்லை. வேருக்குக் கீழே வேறு எதுவும் இல்லை.

அப்டெரா நகரத்து டெமாக்ரிடஸ் அதற்கும் கீழே இறங்கினார். வெட்ட முடியாத துகள்கள், அவற்றுக்கு நடுவே வெறுமை, அவ்வளவுதான் உலகம். துகள்கள் வடிவத்திலும் அடுக்கிலும் கிடையிலும் மட்டுமே வேறுபடும். அரிஸ்டாட்டில் இதை எழுத்துகளை வைத்து விளக்குகிறார்: A என்ற எழுத்தும் N என்ற எழுத்தும் வடிவத்தில் வேறு, AN, NA என்பவை அடுக்கில் வேறு, N எழுத்தையே படுக்கப் போட்டால் Z ஆகிவிடும், அது கிடையில் வேறு. புளிப்புச் சுவைக்குக் கோணல்மாணலான கூரான அணுக்கள் காரணம், இனிப்புக்கு உருண்டையான அணுக்கள் காரணம் என்று டெமாக்ரிடஸ் சொன்னதாக அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் பதிவு செய்திருக்கிறார். அழகான கருத்துதான். ஆனால் அணுக்களின் வடிவங்களுக்கு அங்கே கணக்கே இல்லை. கொக்கி, வளைவு, உருண்டை என்று எதுவும் இருக்கலாம். ஏன் இந்த வடிவம் என்ற கேள்விக்கு 'ஏன் இருக்கக் கூடாது?' என்பதுதான் பதில்.

பிளேட்டோவுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது என் ஊகம். (தன் எழுத்து முழுவதிலும் டெமாக்ரிடஸின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. ஆனால் டிமேயஸைப் படிக்கும்போது அறையில் டெமாக்ரிடஸ் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.) வடிவங்கள் இத்தனைதான், இவைதான், இதற்கு மேல் கிடையாது என்று சொல்ல ஒரு ஆதாரம் வேண்டும். அது அவருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. அவருடைய வட்டத்தைச் சேர்ந்த தியேட்டெட்டஸ் என்ற கணிதவியலாளர் ஒழுங்குத் திண்மங்களை ஆராய்ந்தவர். எண்முகியும் இருபதுமுகியும் அவருடையவை என்று யூக்ளிடின் நூலுக்கான ஒரு பழைய குறிப்பு சொல்கிறது.

எல்லா முகங்களும் ஒரே மாதிரியான ஒழுங்குப் பல்கோணங்கள், எல்லா முனைகளும் ஒரே மாதிரி உள்ள குவிந்த திண்மங்கள் ஐந்துதான் இருக்க முடியும். இதைப் படித்து நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நான்கைந்து போதும், நல்ல விறைப்பாக இருக்கும். சமபக்க முக்கோணங்களாக வெட்டி, ஒரு முனையைச் சுற்றி மூன்றை ஒட்டினால் ஒரு கூம்பு எழும். நான்கை ஒட்டினால் கொஞ்சம் அகலமான கூம்பு. ஐந்தை ஒட்டினால் தட்டையான தொப்பி. ஆறாவதை ஒட்டியதும் மேசையோடு மேசையாகப் படுத்துவிடும், ஏனென்றால் ஆறு அறுபது 360. சதுரத்தில் மூன்று ஒட்டலாம், நான்காவதோடு படுத்துவிடும். ஐங்கோணத்தில் மூன்றுதான், ஒரு மூலை 108 பாகை, நான்காவதுக்கு இடமே இல்லை. அறுகோணம் மூன்றிலேயே படுத்துவிடும். ஆக முக்கோணத்தில் மூன்று, சதுரத்தில் ஒன்று, ஐங்கோணத்தில் ஒன்று. நான்முகி, எண்முகி, இருபதுமுகி, கனசதுரம், பன்னிருமுகி. யூக்ளிடின் 13ஆம் புத்தகம் இந்த ஐந்தையும் வரைந்து காட்டிவிட்டு, இவற்றைத் தவிர வேறில்லை என்று முடிகிறது. கணிதத்தில் 'இதற்கு மேல் கிடையாது' என்று ஒருவர் சொல்லி, அது இரண்டாயிரம் வருடம் கழித்தும் அப்படியே நிற்பது அபூர்வம் இல்லை. ஆனால் பொருள்களைப் பற்றிய பேச்சில் அன்று யாரிடமும் இப்படி ஒன்று இல்லை.

சரி, இனி மூலைமட்டத்துக்கு வருவோம்.

30-60-90 மூலைமட்டங்கள் ஆறை அவற்றின் 60 பாகை மூலைகள் நடுவில் சந்திக்கும்படி வைத்தால் ஒரு சமபக்க முக்கோணம் வரும். 45 பாகை மூலைமட்டங்கள் நான்கை அவற்றின் செங்கோணங்கள் நடுவில் சந்திக்கும்படி வைத்தால் சதுரம் வரும். நான்முகிக்கு (கேள்வியில் வந்த பிரமிடு இதுதான்) நான்கு முகம், முகத்துக்கு ஆறு சிறுமுக்கோணம், மொத்தம் 24: இது நெருப்பு. எண்முகிக்கு 48: இது காற்று. இருபதுமுகிக்கு 120: நீர். கனசதுரத்தின் ஆறு சதுரங்களுக்கு 24, ஆனால் மற்ற வகை முக்கோணம்: மண்.

ஒரு கேள்வி இங்கே எல்லாருக்கும் வரும். இரண்டு மூலைமட்டங்களை முதுகோடு முதுகாக வைத்தாலே சமபக்க முக்கோணம் வருகிறதே, எதற்கு ஆறு? சதுரத்துக்கும் இரண்டு போதுமே? பிளேட்டோ காரணம் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் இதற்கு நிறைய மை செலவழித்திருக்கிறார்கள். முக்கோணங்களில் சிறியது பெரியது உண்டு, அதனால்தான் ஒரே பூதத்தில் பல வகைகள் இருக்கின்றன என்று அவரே பின்னால் சொல்வதால், அளவுகளைக் கூட்டிக் குறைக்க வசதியாக இப்படிப் பிரித்தார் என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: ஆறாகப் பிரித்தால்தான் நடுவில் ஒரு மையம் கிடைத்து எல்லாத் துண்டுகளும் அதைச் சுற்றிச் சமமாக நிற்கின்றன. இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஓரவஞ்சனை செய்தது போல் ஆகிவிடும்.

எண்ணிக்கை கையில் வந்ததும் வேதியியல் ஆரம்பிக்கிறது. நீர் (120) நெருப்பால் வெட்டுப்பட்டு உடைகிறது. கிடைப்பது ஒரு நெருப்பும் இரண்டு காற்றும்: 24, 48, 48, கூட்டிப் பாருங்கள், 120. ஒரு காற்று உடைந்தால் இரண்டு நெருப்பு. தலைகீழாகவும் நடக்கும். நெருப்பு கொஞ்சமாக இருந்து, சுற்றிலும் காற்றோ நீரோ நிறைய இருந்தால், நெருப்பு நொறுங்கி இரண்டு சேர்ந்து ஒரு காற்றாகும். காற்று அமுங்கி நீராகும்போதுதான் அந்த இரண்டரை வருகிறது, இரண்டரை நாற்பத்தெட்டு 120. பத்தாம் வகுப்பில் வேதிச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் சமன் செய்யச் சொல்வார்களே, அதே வேலை. இடது பக்கம் எத்தனை முக்கோணமோ வலது பக்கமும் அத்தனை. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

மண் மட்டும் இந்த ஆட்டத்தில் இல்லை. அதன் முக்கோணமே வேறு என்பதால் மண் நீராகாது, நீர் மண்ணாகாது. நெருப்பு மண்ணை உடைக்கும். உடைந்த துண்டுகள் அலைந்து திரிந்து, மறுபடி ஒன்றையொன்று சந்தித்து மண்ணாகவே கூடும். இதில் ஒரு சுவாரசியம். இதே உரையாடலில் கொஞ்சம் முன்னால், நீர் இறுகிக் கல்லும் மண்ணும் ஆவதைப் பார்க்கிறோமே என்று டிமேயஸ் பேசியிருப்பார். முக்கோணங்கள் வந்ததும் அவரே நிறுத்தி, நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாக முன்பு தோன்றியது, அந்தத் தோற்றம் சரியல்ல என்று திருத்திக்கொள்கிறார். கண் சொன்னது ஒன்று, வடிவியல் சொன்னது ஒன்று. அவர் வடிவியல் பக்கம் போனார். அரிஸ்டாட்டிலுக்கு இது பொறுக்கவே இல்லை. கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுத் தங்கள் கொள்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்ற தொனியில் திட்டுகிறார்.

டெமாக்ரிடஸுக்கும் பிளேட்டோவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். டெமாக்ரிடஸின் அணு ஒரு கெட்டிப் பொருள். உள்ளே நிறைவாக ஏதோ இருக்கிறது. பிளேட்டோவின் துகளைப் பிரித்தால் முக்கோணங்கள் வரும், முக்கோணத்துக்கோ தடிமன் கிடையாது. என் கல்யாணப் பத்திரிகை அட்டைக்குத் தடிமன் உண்டு, அவருடையதற்கு இல்லை. நெருப்பைத் துருவித் துருவிப் போனால் கடைசியில் கிடைப்பது பொருள் இல்லை, வடிவம். அதுவும் முழு எண்களுக்குள் அடங்காத வடிவம். 45 பாகை மூலைமட்டத்தின் பக்கங்கள் 1, 1, வர்க்கமூலம் 2. மற்றதன் பக்கங்கள் 1, வர்க்கமூலம் 3, 2. எல்லாம் எண், எல்லாவற்றையும் முழு எண்களின் விகிதமாகச் சொல்லிவிடலாம் என்று நம்பிய பித்தகோரஸ் வழியினருக்குத் தலைவலி கொடுத்த அதே விகிதமுறா எண்களை எடுத்து உலகத்துக்கு அஸ்திவாரமாகப் போட்டுவிட்டார். இதைக் கவனித்து எழுதியவர் 20ஆம் நூற்றாண்டின் தத்துவவாதி கார்ல் பாப்பர். வர்க்கமூலம் 2, வர்க்கமூலம் 3 இரண்டையும் கூட்டினால் 3.146 வரும், ஒருவேளை பிளேட்டோ இதையே பை (π) என்று நினைத்திருப்பாரோ என்றும் ஒரு ஊகத்தை வீசிவிட்டுப் போனார். கூட்டல் என்னவோ சரிதான். ஊகத்தை நான் நம்பவில்லை.

வடிவத்திலிருந்து குணத்துக்கு எப்படிப் போகிறார் என்று பார்ப்போம். நான்முகிக்கு முகங்கள் குறைவு, முனைகள் கூர், எடை குறைவு. எனவே எளிதில் நகரும், எதற்குள்ளும் நுழையும், வெட்டும். நெருப்பில் கை பட்டால் 'சுரீர்' என்கிறதே, அது நுண்ணிய வெட்டு என்கிறார். கனசதுரம் சதுர அடியில் அசையாமல் உட்காரும், அதனால் மண். இருபதுமுகி கிட்டத்தட்ட உருண்டை, உருளும், அதனால் நீர்.

இவ்வளவும் பலரும் சொல்வது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் சில்லறைப் பொருள்களுக்குள் இறங்கும் பக்கங்கள். தங்கம் என்ன தெரியுமா? நீர். நீரில் இரண்டு இனம்: ஓடுகிற நீர், உருகுகிற நீர். உலோகங்கள் உருகுகின்றன, எனவே இரண்டாம் இனம். அதில் மிக நுண்ணிய, ஒரே அளவுத் துகள்கள் நெருக்கமாக அடைந்தது தங்கம். செம்பும் அதே போலத்தான், ஆனால் அதில் கொஞ்சம் மண் கலந்திருக்கிறது. நாளாக ஆக அந்த மண் பிரிந்து மேலே வருகிறது, அதுதான் செம்பில் பிடிக்கும் களிம்பு. குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளி போட்டுத் தேய்த்த கைகளுக்கு இந்த விளக்கம் தவறு என்று தெரிந்தாலும், பொருத்தமாக இருக்கிறதே என்று தோன்றாமல் போகாது.

முதுமைக்கும் அவர் முக்கோணத்தை வைத்தே காரணம் சொல்கிறார். குழந்தை உடம்பின் முக்கோணங்கள் புத்தம் புதியவை, மூட்டுகள் இறுக்கமானவை. உள்ளே போகும் உணவின் முக்கோணங்கள் பழையவை, பலவீனமானவை. உடம்பு அவற்றை எளிதில் வெட்டித் தனதாக்கிக்கொள்கிறது, குழந்தை வளர்கிறது. பல வருடப் போராட்டத்தில் உடம்பின் முக்கோணங்கள் வேர் தளர்ந்துவிடுகின்றன. அப்புறம் சாப்பாட்டை நாம் வெட்டுவதில்லை, சாப்பாடு நம்மை வெட்டுகிறது. அதற்குப் பெயர் கிழத்தனம். வயதானவர்கள் ராத்திரி சோற்றைக் குறைத்துக்கொள்வதற்கு இதைவிட வடிவியல்ரீதியான காரணம் நான் படித்ததில்லை.

உலகத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கும் ஒரு படம் தருகிறார். எல்லாவற்றையும் ஏந்திக்கொள்ளும் ஒரு 'இடம்' இருந்தது. அதைச் செவிலித்தாய் என்கிறார். ஒழுங்கு வருவதற்கு முன்பு அது தானும் குலுங்கி, தன்னுள் இருந்தவற்றையும் குலுக்கியது. தானியத்தை முறத்தில் போட்டுப் புடைத்தால் கனமானது ஒரு பக்கமும் லேசானது ஒரு பக்கமும் ஒதுங்குவதைப் போல, ஒத்தது ஒத்ததோடு சேர்ந்தது. முறம் நான் சேர்த்த உவமை இல்லை, மூலத்தில் உள்ளது. அதன் பிறகுதான் உலகைச் செய்யும் கைவினைஞர் வருகிறார், வடிவங்களையும் எண்களையும் கொண்டு இவற்றை ஒழுங்குபடுத்த.

பூதங்கள் ஏன் நான்கு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பார்ப்பதற்கு நெருப்பு வேண்டும், தொடுவதற்கு மண் வேண்டும். இரண்டையும் இணைக்க நடுவில் ஒன்று வேண்டும். உலகம் தட்டையாக இருந்தால் நடுவில் ஒன்று போதும்: 4, 6, 9. ஆனால் உலகம் கன உருவம். கன எண்களுக்கு நடுவில் இரண்டு தேவை: 8, 12, 18, 27. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்கு. (எண்கள் நான் போட்டவை, வாதம் அவருடையது.) ஆகவே நெருப்புக்குக் காற்று எப்படியோ, காற்றுக்கு நீர் அப்படி, நீருக்கு மண் அப்படி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கும் முக்கோணக் கணக்கும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. 24, 48, 120 என்பதில் எந்த ஒன்றரை மடங்கும் இல்லை. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி இரண்டு கணக்கும் ஒரே நூலில் இருக்கின்றன. இதை ஒட்டவைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை.

மிச்சம் இருப்பது பன்னிருமுகி. இதன் முகம் ஐங்கோணம். இரண்டு மூலைமட்டத்தையும் எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒழுங்கான ஐங்கோணம் வராது. எனவே இது மற்ற எதுவாகவும் மாறாது. பிளேட்டோ இதற்கு ஒரே வரிதான் ஒதுக்குகிறார்: கடவுள் இதைப் பிரபஞ்சம் முழுமைக்கும் பயன்படுத்தி, அதன் மேல் உருவங்களைத் தீட்டினார். அவ்வளவே. 'பைடோ' என்ற மற்றொரு உரையாடலில், மேலிருந்து பார்த்தால் பூமி பன்னிரண்டு தோல் துண்டுகளால் தைத்த பந்து போலத் தெரியும் என்று ஒரு வரி உண்டு. தோல் பந்து தைக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது: ஐங்கோணம் பன்னிரண்டைத் தைத்துக் காற்றோ பஞ்சோ அடைத்தால் பந்தாகிவிடும். இன்றைக்கு இணையக் கடைகளில் ஐந்து பளிங்குத் திண்மங்களைப் பெட்டியில் போட்டு, ஐந்தாவதில் 'ஆகாயம்' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். டிமேயஸில் அப்படி ஒரு சீட்டு இல்லை. வானத்துக்கென்று தனியாக ஐந்தாவது பொருளை வைத்து, அது வட்டமாக மட்டுமே நகரும் என்று முறையாக வாதிட்டவர் அரிஸ்டாட்டில். அவர் அதற்கு எந்த வடிவமும் கொடுக்கவில்லை.

அரிஸ்டாட்டில் எழுப்பிய ஆட்சேபங்கள் பலமானவை, சில வேடிக்கையானவை. எடை இல்லாத பரப்புகளை எத்தனை அடுக்கினாலும் எடை உள்ள பொருள் எப்படி வரும்? கோணம் இருப்பதால்தான் சுடும் என்றால் மற்ற வடிவங்களுக்கும் கோணம் இருக்கிறதே, அவையும் சுட வேண்டும். கணிதத்தில் வரைகிற பிரமிடும் சுட வேண்டுமே!

இன்னொரு சிக்கலை நாமே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். விளிம்பு 1 செ.மீ. உள்ள எண்முகியின் கன அளவு 0.471 கன செ.மீ. அதைப் பிரித்து இரண்டு நான்முகி செய்தால் மொத்தம் 0.236. பாதி காணோம். இருபதுமுகி 2.18, அது உடைந்து வரும் ஒரு நெருப்பும் இரண்டு காற்றும் சேர்ந்து 1.06. இங்கேயும் பாதிக்கு மேல் போய்விட்டது. முக்கோணங்களின் எண்ணிக்கை மாறவில்லை, இடம் மட்டும் சுருங்கிவிட்டது. உலகத்தின் சுழற்சி எல்லாவற்றையும் உள்நோக்கி நெருக்குவதால் வெற்றிடம் எதுவும் மிஞ்ச விடாது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் காணாமல் போன பாதி எங்கே? அதைவிட மோசம், நீரைச் சுட்டால் ஆவி பெருகித்தான் பார்த்திருக்கிறோம். குக்கர் விசில் அடிக்கும் சமையலறையில் நின்றுகொண்டு, நீர் காற்றாகும்போது பாதியாகச் சுருங்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது. துகள்களுக்கு நடுவே இடைவெளி பெருகுகிறது என்று காப்பாற்றலாம், ஆனால் அந்த இடைவெளியைத்தான் அவர் அனுமதிப்பதில்லை.

அரிஸ்டாட்டிலும் ஓரிடத்தில் வழுக்கினார். துகள்களுக்கு வடிவம் உண்டென்றால் அவை இடைவெளி இல்லாமல் இடத்தை நிரப்ப வேண்டும். திண்மங்களில் அப்படி நிரப்பக்கூடியவை கனசதுரமும் பிரமிடும் மட்டுமே என்றார். கனசதுரம் சரி, அட்டைப்பெட்டி அடுக்குகிற யாருக்கும் தெரியும். பிரமிடு? பத்திரிகை அட்டையில் ஐந்து நான்முகிகள் செய்து, ஒரே விளிம்பைச் சுற்றி முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது ஒட்டியதும் வட்டம் மூடும் போல இருக்கும், மூடாது. ஒரு நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தே இருக்கும். நான் முதல் தடவை செய்தபோது என் வெட்டுதான் கோணல் என்று நினைத்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். வெட்டில் தவறில்லை. நான்முகியின் இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் 70.53 பாகை, ஐந்து மடங்கு 352.6, ஏழு பாகைக்குச் சற்று மேல் எப்போதும் மிச்சம். ஏறக்குறைய 1,800 வருடம் அரிஸ்டாட்டிலின் இந்த வரி ஓடிக்கொண்டிருந்தது. சிசிலியின் மெசினாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ மௌரோலிகோ 1529இல் எழுதிய ஒரு கையெழுத்துப் படியில், நான்முகி தனியாக நிரப்பாது, எண்முகியோடு சேர்ந்தால் நிரப்பும் என்று காட்டினார். பிளேட்டோவின் மொழியில் சொன்னால், நெருப்பு தனியாக நிரப்பாது, காற்றோடு சேர்ந்தால் நிரப்பும். அரிஸ்டாட்டில் சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் அவருடைய வாதம் இன்னும் வலுத்திருக்கும் என்பதுதான் கூத்து. நான்முகிகளை மட்டும் வைத்து எவ்வளவு நெருக்கமாக அடைக்கலாம் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 2010இல் எட்டிய அளவு 85.63 சதவீதம்.

கடைசிக் கேள்வி, இன்றைய அறிவியல். முதலில் ஒரு எச்சரிக்கை. நீர் உடைந்தால் மூன்று துண்டு, ஒன்று ஒரு வகை, இரண்டு மற்றொரு வகை என்றதும், அட, தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு இருக்கிறதே என்று துள்ளுகிறவர்கள் உண்டு. தற்செயல். ஹைட்ரஜன் பிளேட்டோவின் காற்றும் அல்ல, ஆக்சிஜன் அவருடைய நெருப்பும் அல்ல. அதே போல உப்புப் பரல் கனசதுரமாக இருப்பதும், பல வைரஸ்களின் ஓடு இருபதுமுகி அமைப்பில் இருப்பதும் அவர் சொன்னதை மெய்ப்பிக்கவில்லை. ஒரே மாதிரித் துண்டுகளை ஒழுங்காக அடுக்கும்போது இந்த வடிவங்களில் ஒன்று பல இடங்களில் வந்து நிற்பது வடிவியலின் நிர்ப்பந்தம். அந்த நிர்ப்பந்தத்தை அவர் மதித்தார், அதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

வானியலாளர் கெப்ளர் 1596இல் இதே ஐந்து திண்மங்களை ஆறு கோள்களின் வட்டங்களுக்கு நடுவே ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிப் பார்த்தார். சனிக்கும் வியாழனுக்கும் நடுவே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே நான்முகி என்று போகும். தவறு, ஆனால் அந்தத் தவறைத் துரத்திக்கொண்டு போனவர்தான் பிறகு கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவதைக் கண்டுபிடித்தார். இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1919இல், மூனிக் நகரம் கலவரத்தில் கிடந்தபோது, ஒரு கட்டடத்தின் கூரையில் வெயிலில் படுத்துக்கொண்டு டிமேயஸைப் படித்ததாகத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். முக்கோணமாவது நெருப்பாவது என்று எரிச்சல்தான் வந்ததாம், ஆனாலும் விட முடியவில்லை. பின்னாளில், அடிப்படைத் துகள்களைக் கெட்டிப் பொருள்களாக அல்லாமல் சமச்சீர்மையின் வடிவங்களாகப் பார்க்கும் வகையில் இன்றைய இயற்பியல் டெமாக்ரிடஸைவிடப் பிளேட்டோவுக்குப் பக்கம் என்றார். இது ஒப்பிடும் முறையைப் பொறுத்தது. துகள் வெட்ட முடியாதது, அது வெறுமையில் நகர்கிறது என்ற இடத்தில் நின்று பார்த்தால் டெமாக்ரிடஸே கிட்டத்தில் தெரிவார்.

நீங்கள் மூலத்தை எடுத்துப் படிப்பதாக இருந்தால், எந்த மொழிபெயர்ப்பிலும் ஓரத்தில் எண்கள் இருக்கும். 1578இல் ஸ்டெபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. 53ஆம் எண்ணில் ஆரம்பியுங்கள். 4ஆம் நூற்றாண்டில் கால்சிடியஸ் என்பவர் டிமேயஸை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். இடைக்கால மேற்கு ஐரோப்பா பிளேட்டோவை அறிந்தது பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான். அது சரியாக 53இல் நின்றுவிடுகிறது. முறம் புடைக்கும் காட்சி உண்டு, அடுத்து வரும் முக்கோணங்கள் இல்லை. கிட்டத்தட்ட ஆயிரம் வருடம், அந்த முக்கோணங்களைப் பற்றிப் பெரும்பாலோர் படித்ததெல்லாம் அரிஸ்டாட்டில் அவற்றைத் திட்டிய பக்கங்களில்தான். முழு மொழிபெயர்ப்பு, இத்தாலிய அறிஞர் பிசினோ செய்தது, 1484இல் அச்சுக்கு வந்தது. படிக்கும்போது மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 54இல் 'கர்ணத்தோடு கர்ணம் சேர்த்து மூன்று முறை' என்று ஒரு இடம் வரும். ஆறு துண்டு வெட்டி அடுக்காமல் அது பிடிபடாது.